எம்.எஸ். நோயாளிகளின் உணர்ச்சிச் சிக்கல்கள்: எதற்கு எந்தச் சிகிச்சை?

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் வசிக்கும் ஒருவர் தம் அக்காவுக்காகக் கேட்டிருக்கும் கேள்வி இது. அக்காவுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., இருப்பது கண்டறியப்பட்டது. அண்மையில் பெரியப்பாவின் இறுதிச் சடங்கில், எல்லாரும் அழுதுகொண்டிருந்த நேரத்தில், அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வீட்டில் மகன் கோபமாக இருப்பதையோ அம்மா அழுது வீங்கிய முகத்தோடு நிற்பதையோ அவர் கவனிப்பதே இல்லை. என்ன வருத்தம் என்று கேட்டால், "வருத்தம் ஒன்றுமில்லை, நெஞ்சுதான் அடைக்கிறது" என்கிறார். மருத்துவமனையில் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உறவினர்களில் சிலர் இதைத் திமிர் என்கிறார்கள், சிலர் கண்ணேறு என்கிறார்கள். இதற்கு முறையான சிகிச்சை உண்டா, மாத்திரை மட்டும் போதுமா, வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருப்பதை அனுமதிக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சிகிச்சை உண்டு. ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருப்பவை ஒரே கோளாறு அல்ல. சடங்கில் வந்த சிரிப்பு வேறு, பிறர் முகத்தைப் படிக்க முடியாமை வேறு, தன் வருத்தத்தைத் தானே இனங்காண முடியாமை வேறு, மனச்சோர்வு வேறு. இவை நான்கும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம், ஒன்றை ஒன்று கூட்டவும் செய்யலாம். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் மருந்தும் பயிற்சியும் தனித்தனி. மூளை நோயாளிகளின் மறுவாழ்வுப் பணியில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, இந்தப் பிரித்தறிதல் நடக்காமலேயே மாத்திரை எழுதப்படுவதுதான். அதன் பிறகு மாத்திரை பலன் தந்ததா இல்லையா என்பதைக் கூட எவராலும் சொல்ல முடிவதில்லை, ஏனென்றால் அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதே தெளிவாக இருப்பதில்லை.

உறவினர்கள் மீது கோபப்பட வேண்டாம். நம் சமூகத்தில் இந்த நோயை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, வெள்ளையரிடையே லட்சத்துக்கு ஏறத்தாழ 25 பேருக்கும் இந்திய வம்சாவளியினரிடையே லட்சத்துக்கு ஏழெட்டுப் பேருக்கும் எம்.எஸ். இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை நோயையும் மாரடைப்பையும் பற்றித் தெருவுக்குத் தெரு பேசத் தெரிந்த, நம்மவர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் இதை அறியாமல் இருப்பதில் வியப்பில்லை.

எம்.எஸ். நோயில், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் என்னும் காப்பு உறையைத் தாக்குகிறது. கை கால் பலவீனம், பார்வை மங்கல், சிறுநீர்க் கட்டுப்பாடின்மை ஆகியவற்றை இதன் விளைவுகளாக எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் உணர்ச்சியும் அதே நரம்பிழைகள் வழியேதான் செயல்படுகிறது. அச்சத்தையும் கோபத்தையும் விரைந்து உணரும் அமிக்டலா என்னும் பகுதி, அவற்றை எடைபோட்டு அடக்கும் நெற்றிப்புற மூளை, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் இழைக்கற்றை, அழுகை சிரிப்பு ஆகியவற்றின் தசை அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைத்தண்டும் சிறுமூளையும் எல்லாம் நீண்ட இழைகளால் ஒன்றோடொன்று பின்னப்பட்டவை. எந்த இணைப்பு அறுபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த உணர்ச்சிச் செயல் தடுமாறும் என்பது மாறுகிறது. பாரிஸில் ஷார்கோ 1868இல் இந்நோயைத் தெளிவாக வரையறுத்தார்; காரணமற்ற சிரிப்பையும் கண்ணீரையும் அவரே தம் நோயாளிகளிடம் கவனித்திருக்கிறார். 1926இல் காட்ரெல், வில்சன் ஆகிய இருவரும் நூறு நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களில் பெரும்பாலோர் நிலைமைக்குப் பொருந்தாத மகிழ்ச்சியோடு இருப்பதாக எழுதினார்கள். அந்தச் சித்திரம் நெடுங்காலம் பாடநூல்களில் நிலைத்து, இந்நோயாளிகளின் மனச்சோர்வை மருத்துவர்கள் காணாமல் போனதற்கும் ஒரு காரணமாயிற்று. இன்று நமக்குத் தெரிந்தவரை அத்தகைய பொருந்தா மகிழ்ச்சி சிறுபான்மையினரிடம்தான், அதுவும் பெரும்பாலும் நோய் முற்றிய நிலையில், காணப்படுகிறது.

முதலில் அந்தச் சிரிப்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் குடும்பத்தை அதிகம் புண்படுத்தியது அதுதான், குணப்படுத்த எளியதும் அதுதான். இதற்கு மருத்துவத்தில் சூடோபல்பார் அஃபெக்ட் என்று பெயர். உள்ளே மகிழ்ச்சி இல்லாமலேயே சிரிப்பும், உள்ளே துக்கம் இல்லாமலேயே அழுகையும் திடீரென்று எழும். சில நொடிகளோ சில நிமிடங்களோ நீடித்து, வந்ததைப் போலவே அடங்கிவிடும். தும்மலை யாரும் மரியாதைக் குறைவாகக் கருதுவதில்லை அல்லவா, இதுவும் அப்படிப்பட்ட உடல் நிகழ்வுதான். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அக்காவிடம் தனியாக, கண்டிக்கும் தொனி இல்லாமல், "அப்போது உங்களுக்குள் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்குப் பெரியப்பா போனது பெரிய துக்கம், ஆனால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை, வெட்கமாக இருந்தது" என்ற வகையில் பதில் வந்தால், உணர்ச்சி உள்ளே சரியாகத்தான் இருக்கிறது, வெளிப்பாட்டின் கடிவாளம்தான் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இதை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட சிறிய வினாத்தாள் இருக்கிறது. எம்.எஸ். நோயாளிகளில் அதன் மதிப்பெண் 17ஐ எட்டினால் கூடுதலாக ஆராய வேண்டும் என்பது வழக்கம். நரம்பியல் மருத்துவரிடம் நீங்களே இதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

இதற்கான மருந்துகள் பழமையானவை, விலை குறைந்தவை. 1985இல் 12 எம்.எஸ். நோயாளிகளிடம் நடத்தப்பட்ட சோதனையில், நாளொன்றுக்கு 75 மில்லிகிராமுக்கு மேற்படாத அமிட்ரிப்டிலின் என்னும் பழைய மனச்சோர்வு மருந்து இந்தக் கட்டுக்கடங்காச் சிரிப்பையும் அழுகையையும் கணிசமாகக் குறைத்தது. இது மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவைவிடக் குறைவு. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியும் இந்த மருந்தைத்தான் பரிசீலிக்கச் சொல்கிறது. ஆனால் அமிட்ரிப்டிலின் சிறுநீர் கழிப்பதைச் சிரமமாக்கும், மலச்சிக்கலையும் தூக்கக் கலக்கத்தையும் கூட்டும், எம்.எஸ். நோயாளிக்கு இவை ஏற்கனவே இருக்கும் தொல்லைகள் என்பதால் சிலருக்கு அது ஒத்துவராது. அவர்களுக்கு சிட்டாலோப்ராம், செர்ட்ராலின், ஃபுளூயாக்செட்டின் போன்ற, எஸ்எஸ்ஆர்ஐ எனப்படும் வகை மனச்சோர்வு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. மனச்சோர்வில் இவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். இந்தச் சிரிப்பு, அழுகைக் கோளாறிலோ பலருக்குச் சில நாட்களிலேயே மாற்றம் தெரிந்துவிடுகிறது. ஆகவே அக்காவுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரை இந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால், அது மனச்சோர்வுக்கென்று எழுதப்பட்டிருந்தாலும், சிரிப்பு குறைந்திருக்கிறதா என்று தனியாகக் கவனித்து எழுதி வையுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானையும் குவினிடினையும் சேர்த்த கூட்டு மருந்துக்கு இந்தக் கோளாறுக்காகவே 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருமல் மருந்துகளிலும் இருக்கும் பொருள் என்பதை இணையத்தில் படித்துவிட்டு, மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்: எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையோடு அது சேர்ந்தால் ஆபத்தான எதிர்வினை ஏற்படலாம், குவினிடின் இல்லாமல் அது உடலில் விரைவாகச் சிதைந்துவிடுவதால் எதிர்பார்த்த பலனும் இராது.

அடுத்தது மனச்சோர்வு. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, எம்.எஸ். உள்ள நூறு பேரில் சராசரியாக 30 பேருக்கு மனச்சோர்வும் 22 பேருக்குப் பதற்றக் கோளாறும் இருப்பதாகக் கணக்கிட்டது. இதைக் கண்டறிவதில் சிக்கல் இருக்கிறது. களைப்பு, தூக்கமின்மை, கவனச் சிதறல், மந்தநிலை எல்லாம் எம்.எஸ். நோயின் நேரடி விளைவுகளாகவும் இருக்கலாம், மனச்சோர்வின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். எனவே உடல் அறிகுறிகளை நீக்கிவிட்டு, மனநிலையை மட்டும் கேட்கும் குறுகிய வினாத்தாள்களை நான் விரும்புகிறேன். மகிழ்ச்சி தந்தவை எதுவும் இப்போது மகிழ்ச்சி தரவில்லையா, தன்னைக் குற்றவாளியாக நினைக்கிறாரா, எதிர்காலமே இல்லை என்று தோன்றுகிறதா என்பவையே முக்கியமான கேள்விகள். இந்நோயாளிகளிடையே தற்கொலை விகிதம் பொது மக்களைவிட அதிகம் என்பதால், அந்த எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படும் என்ற அச்சம் தேவையற்றது. அப்படியொரு சூழல் வந்தால் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் இலவச எண்ணான 0800 567 567ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரையைவிடப் பேச்சுவழிச் சிகிச்சையிலேயே எம்.எஸ். சார்ந்த நல்ல சான்றுகள் உள்ளன என்பது என் கருத்து. அமெரிக்காவில் 2005இல் வெளியான ஒரு சோதனையில், மனச்சோர்வுள்ள 127 எம்.எஸ். நோயாளிகளுக்கு 16 வாரங்கள் தொலைபேசி வழியாகவே சிகிச்சை தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு, எண்ணப் போக்கையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு ஆதரவோடு உணர்ச்சிகளைப் பேசவைக்கும் சிகிச்சை. இரு பிரிவினரும் தேறினார்கள், முதல் பிரிவினர் சற்றுக் கூடுதலாக. நடக்கச் சிரமப்படும் ஒருவரை வெருலத்திலிருந்தோ டோங்காட்டிலிருந்தோ நகருக்கு வாரந்தோறும் அழைத்து வருவது எத்தனை பாடு என்பதை அறிந்தவர்களுக்கு, தொலைபேசியே போதும் என்ற இந்த முடிவின் அருமை புரியும். சுவிட்சர்லாந்தில் 150 பேரிடம் எட்டு வாரங்கள் நடத்தப்பட்டு 2010இல் வெளியான மனவிழிப்பு (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சிச் சோதனையிலும் மனச்சோர்வும் களைப்பும் குறைந்தன, ஆறு மாதத்துக்குப் பிறகும் பலன் தெரிந்தது. உடற்பயிற்சி சிறிய அளவில் உதவுகிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். "வருத்தம் ஒன்றுமில்லை, நெஞ்சுதான் அடைக்கிறது" என்ற அக்காவின் பதில்தான் நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. ஒரு கசப்பான நிகழ்வு நேர்ந்தால், அதன் தாக்கம் நாளடைவில் மனத்தில் கரைந்து, அன்றாட வாழ்வு மீண்டும் இயல்பாக நடக்க வேண்டும்; அப்படிக் கரைவதைத்தான் உளவியலாளர் ராக்மன் 1980இல் உணர்ச்சிச் செயலாக்கம் என்று விளக்கினார். உணர்ச்சியைக் கவனிப்பது, இன்னதென்று அறிவது, தாங்கிக்கொள்வது, தகுந்த முறையில் வெளியிடுவது ஆகியவற்றில் எந்தக் கட்டத்தில் தடை ஏற்பட்டாலும் உணர்ச்சி கரையாமல் உடலில் தங்கும்: நெஞ்சடைப்பாக, வயிற்றெரிச்சலாக, காரணமற்ற எரிச்சலாக. பிரிட்டனின் போர்ன்மத் நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய 25 கேள்விகள் கொண்ட அளவுகோல், உணர்ச்சியை அமுக்குதல், தவிர்த்தல், கட்டுப்படுத்த முடியாமை, செயலாக்கப்படாத உணர்ச்சியின் அடையாளங்கள், உணர்ச்சியை உணர்வதிலேயே உள்ள வறட்சி என்ற ஐந்து கோணங்களில் இதை அளக்கிறது. தன் உணர்ச்சியை இனங்காணவும் சொல்லவும் முடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். அதற்கென உள்ள 20 கேள்விகளின் டொரண்டோ அளவுகோலில் 61 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் அந்நிலை இருப்பதாகக் கொள்வர். எம்.எஸ். உள்ளவர்களிடம் இது பொது மக்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. மனச்சோர்வோடும் களைப்போடும் பின்னியும் இருக்கிறது.

இதற்கு மாத்திரை இல்லை, பயிற்சிதான் உண்டு. எம்.எஸ். நோயாளிகளிடம் இதை மட்டும் குறிவைத்த ஆய்வுகள் சிறியவை என்பதால், மனச்சோர்வுச் சிகிச்சையில் நிலைபெற்ற உத்திகளை இவர்களுக்கேற்ப மாற்றிப் பயன்படுத்துகிறோம். நான் உடலிலிருந்து தொடங்குவேன். நெஞ்சு அடைத்தது எப்போது, அப்போது யார் எதிரே இருந்தார், அதற்குச் சற்று முன் என்ன பேச்சு நடந்தது, அந்த நேரத்தில் எழுந்து போக வேண்டும்போல இருந்ததா, கத்த வேண்டும்போல இருந்ததா, யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்ததா? போக விரும்பினால் பெரும்பாலும் அச்சம், கத்த விரும்பினால் பெரும்பாலும் கோபம், அணைத்துக்கொள்ள விரும்பினால் இழப்பு அல்லது தனிமை. "என்ன உணர்கிறீர்கள்?" என்ற திறந்த கேள்வி இவர்களுக்குச் சுமை, எம்.எஸ். மூளையின் வேகத்தைக் குறைத்துவிடுவதால் அந்தக் கேள்விக்குள் எதைத் தேடுவது என்றே தெரியாமல் "ஒன்றுமில்லை" என்பார்கள். ஐந்தாறு சொற்களை எழுதிய அட்டையைக் காட்டி எது பொருந்துகிறது, பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பதில் வந்துவிடும். சில வாரங்களில் அட்டை இல்லாமலே சொல்லப் பழகுகிறார்கள்.

சொல்லத் தெரிந்த பிறகுதான் தவிர்த்தலைத் தொட முடியும். நோய் கண்டறிந்த நாளில் கொடுத்த அறிக்கையைத் திறந்தே பார்க்காதவர்கள் உண்டு. சக்கர நாற்காலியில் ஒருவரைக் கண்டால் சாலையைக் கடந்து மறுபுறம் போகிறவர்கள் உண்டு. பழைய திருமணப் புகைப்படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டவர்கள் உண்டு. இவற்றைச் சிறுகச் சிறுக, தாங்கும் அளவில், துணையோடு எதிர்கொள்ளச் செய்வதே சிகிச்சையின் கடினமான பகுதி, பலன் அதிகம் தரும் பகுதியும் அதுவே. மனத்தில் இருப்பதை நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதும் முறை 1986 முதல் பல நோய்களில் ஆராயப்பட்டிருக்கிறது. பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதால் அதைத் துணைப்பயிற்சியாக மட்டும் தருவேன், கை நடுக்கம் உள்ளவர்களைக் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்யச் சொல்வேன். எந்த அமர்வையும் காலையில் வைப்பதும், முக்கால் மணிக்குள் முடிப்பதும், பேசியதைப் பெரிய எழுத்தில் அரைப் பக்கமாக எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவதும் இன்றியமையாதவை. நினைவுத் தடுமாற்றம் உள்ளவருக்கு வாய்வார்த்தையாகத் தந்த பயிற்சி வீட்டு வாசலைத் தாண்டாது. அக்காவோடு தமிழில் பேச உளவியலாளர் கிடைக்காவிட்டால், மொழிபெயர்க்க அவருடைய மகனையோ மகளையோ உட்கார வைக்காதீர்கள். பிள்ளையின் முன்னால் எந்தத் தாயும் தன் அச்சத்தைச் சொல்லமாட்டார்.

பிறர் முகம் படிக்கும் திறனைப் பற்றி: எம்.எஸ். நோயாளிகளிடம், குறிப்பாகக் கோபம், அச்சம் போன்ற எதிர்மறை முகபாவங்களை இனங்காண்பதில் குறைபாடு இருப்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு உறுதிப்படுத்தியிருக்கிறது. பிறர் மனநிலையைக் கணிக்கும் திறனும் சற்றுக் குறைகிறது. முதலில் கண்ணைச் சோதியுங்கள்; பார்வை நரம்பு அழற்சி இந்நோயில் சாதாரணம், முகமே மங்கலாகத் தெரிபவரிடம் முகபாவத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பார்வை நன்றாக இருந்தால், புருவம், கண், வாய் என்று பகுதி பகுதியாகப் பார்க்கப் பழக்கும் பயிற்சிகள் உள்ளன. அவை பெரும்பாலும் தலைக்காயம் பட்டவர்களுக்காக உருவானவை, எம்.எஸ். நோயில் இன்னும் நன்கு சோதிக்கப்படாதவை. ஆகவே நான் வீட்டாரைத்தான் மாறச் சொல்வேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அக்கா புரிந்துகொள்வார் என்று காத்திருக்காமல், "அம்மா, நான் கோபமாக இருக்கிறேன், காரணம் இது" என்று மகன் வாயால் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் உணர்ச்சியை மௌனத்தாலும் பார்வையாலும் தெரிவிப்பதே வழக்கம். இந்த நோய் இருக்கும் வீட்டில் அந்த வழக்கம் வேலை செய்யாது.

மருந்துகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நோய் திடீரெனத் தீவிரமாகும்போது நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு, தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலையோ மிகையான உற்சாகத்தையோ தரலாம். எம்.எஸ். நோயைக் கட்டுப்படுத்த இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போடுபவர்களுக்கு முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதே நோக்கத்துக்கான ஃபிங்கோலிமாட் மாத்திரை எடுப்பவருக்குச் சிட்டாலோப்ராமோ அமிட்ரிப்டிலினோ சேர்க்கும்போது இதயத் துடிப்பைக் கவனிப்பது அவசியம். இயல்பு திடீரென்று சில நாட்களில் மாறினால் சிறுநீர்த் தொற்றையும் நோயின் புதிய தாக்குதலையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். நடாலிசுமாப் என்னும் எம்.எஸ். மருந்து பெறுபவரிடம் சில வாரங்களில் குணமாற்றம் தெரிந்தால் அடுத்த முன்பதிவு வரை காத்திருக்கக் கூடாது. ஜேசி வைரஸால் வரும் அபாயமான மூளைத் தொற்றின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

எங்கே போவது என்பதில் நம் நாட்டின் நிலைமை இது. அரசு வழியில், அருகிலுள்ள கிளினிக்கிலிருந்து மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனைக்கும், அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கும் போக வேண்டும். அங்கு உளவியலாளரையும் பார்க்க வேண்டும் என்று கடிதத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதற்குத் தனியாக இன்னொரு முறை வரிசையில் நிற்க நேரிடும். மருத்துவத் திட்டக் காப்பீடு இருந்தால், எம்.எஸ். நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, மனச்சோர்வு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தீவிர மனச்சோர்வு, எல்லாத் திட்டங்களும் தந்தே ஆக வேண்டிய கட்டாயக் குறைந்தபட்சப் பயன்களின்கீழ் வருகிறது: ஆண்டுக்கு மூன்று வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை, அல்லது வெளிநோயாளியாக 15 உளச்சிகிச்சை அமர்வுகள். இதைத் திட்டத்தார் தாமாகச் சொல்வது அரிது, சரியான நோய்க்குறியீட்டோடு விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். எட்டு அமர்வுகளை மனச்சோர்வுக்கும் மீதியை உணர்ச்சியை இனங்காணும் பயிற்சிக்கும் பிரித்துக்கொண்டால் 15 ஓரளவு போதும்.

காவடியைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுத்துவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் மரத்துப்போனதாகச் சொல்லும் அக்காவுக்கு ஏதோ ஒன்றின் மீது இத்தனை ஆசை இருப்பதே நல்ல அறிகுறி. ஆனால் தைப்பூசம் டர்பனின் மிகப் புழுக்கமான மாதங்களில் வருகிறது. உடல் வெப்பம் சற்று ஏறினாலும் எம்.எஸ். நோயாளியின் பார்வையும் நடையும் சிந்தனையும் தற்காலிகமாகத் தளரும். 1890இல் ஊத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் விவரித்த இந்த விளைவு, குளிர்ந்ததும் நீங்கிவிடும் என்றாலும், கூட்டத்தின் நடுவே கால் மடங்கினால் ஆபத்து. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர் அலகு குத்திக்கொள்வது தொற்றுக்கு வழி. பாதத்தில் உணர்வு குறைந்தவர் தீ மிதிப்பது கூடவே கூடாது. பறை ஓசையும் நெரிசலும் சேரும்போது அந்தச் சிரிப்போ அழுகையோ கிளம்ப வாய்ப்பு அதிகம். ஆனால் சாமி வந்து ஆடுபவர்கள் நடுவே அதை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை என்பதால், அக்கா வெளியே போகப் பழகுவதற்கு அது ஒருவகையில் வசதியான இடம். விரதத்தில் உணவைக் குறைக்கலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது. குறிப்பாகத் தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் எடுத்துக்கொண்டிருந்தால், அதைத் திடீரென்று நிறுத்துவது வலிப்பையும் பிரமைகளையும் உண்டாக்கும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், சிறிய பால்குடத்தோடு கோயிலை ஒரு சுற்று வந்து, ஈரத்துண்டை கழுத்தில் போட்டுக்கொண்டு நிழலில் உட்காரும் ஏற்பாட்டை அர்ச்சகரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். நேர்த்திக்கடன் எது என்பதை அக்காவே முடிவு செய்யட்டும். அது என்ன, ஏன் அதை வேண்டுகிறார் என்பதை அவர் வாயால் சொல்லவைத்து, அடுத்த உளவியல் அமர்வுக்கு அதையே எடுத்துச் செல்லுங்கள்.